காலிய நாட்டில் உரோமர் வகுத்த பெருவழிகள்

எல்லா வழிகளும் உரோமாபுரிக்கே செல்லும் என்பது மேனாட்டார் வழங்கும் பழமொழி. நம் கல்லூரி மாணவர் பலரும் இதனை ஆங்கில வகுப்பிற் கேட்டிருப்பர். ஆயினும், உரோமர் ஆண்ட பெருநாடுகளுள் ஒன்றாகிய காலிய நாட்டின் வழிகளை உற்று நோக்குவார்க்கு இப்பழமொழி முற்றும் பொருந்துவதாகத் தோன்றாது. அந்நாட்டின் தலையாய வழிகள் உரோமாபுரியைத் தொடக்கமாகக் கொண்டு எழுந்தன அல்ல. உரோன் நதியுஞ் சோன் நதியுங் கலக்குமிடத்தில் அமைந்த லுக்தூனம் என்னும் நகரினின்று, விரித்த கையின் விரல்கள் போல அவை பிரிந்து சென்றன. அந்நகரமே இன்று லியோன் என வழங்குவது. ஒரு நாட்டை அதன் நடுவே நின்று பற்றுதற்கு நீட்டிய கை அது. அக்கை காலியர்க்குக் கொடுத்தது யாது, அவரிடமிருந்து கொண்டது யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

சாலை, தெரு, றோட்டு எனப் பல பெயர் நம்மிடையே வழங்கினும், நாடு கடந்து செல்லும் நெடுவழியைப் பழைய தமிழ்ச் சாசனங்கள் பெருவழி என்று கூறுதலின், அச்சொல்லையே யானும் ஆளுகின்றேன். சரித்திரம் கற்பிக்கும் நண்பர்கள் தமிழாசிரியன் ஒருவன் தங்கள் எல்லைக்குட் புகுந்தமையைப் பொறுத்தருள்வாராக.

காலியா என்பது இன்றைய பிரான்சு தேசத்தையும், பெல்சியத்தையும், இரைன் நதிக்கு மேற்கேயுள்ள நிலத்தையும் ஒருங்கே குறித்த உரோமர் வழக்கு. ஆங்கில நூல்களிலே இது கோல் என வரும். ஆங்கு வாழ்ந்த குலத்தாருட் பெரும்பாலோர் கெல்த்திய இனத்தைச் சேர்ந்த மொழியைப் பேசினர். உரோமர் வந்த பின்னரே அந்நாட்டில் வழிகள் உண்டாயின என்று கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. யூலியஸ் சீசர் கி.மு. 58ஆம் ஆண்டு முதல் அந்நாட்டிற் போர் புரிந்து, அப்போரின் வரலாற்றைத் தானே எழுதிவைத்தான். அந்நூலிற் பாலங்கள் அடிக்கடி வருகின்றன. செனீவாவில் உரோன் நதிக்கு மேல் ஒரு பாலம். இன்று ஓர்லியான் எனப்படும் கெனாபத்தில் லுவார் நதிக்கு மேல் ஒரு பாலம். பாரிசு நகரின் பழம்பதியாகிய லுத்தேசியாவிலும் பாலங்கள். இவை யாவுங் காலியர் தாமே கட்டியவை. பாலமுள்ள இடத்தில் வண்டி உண்டு; வண்டியுள்ள இடத்தில் வழியும் உண்டன்றோ? சீசர் தன் படையை வியக்கத்தக்க விரைவோடு நடத்தியமைக்குப் பகைவர் வகுத்த வழிகளும் ஒரு காரணமாயின.

இதற்குச் சொற்களே சான்று கூறும். வண்டி வகைகளைக் குறிக்கும் இலத்தீன் சொற்களுட் பல காலியரிடமிருந்து பெற்ற கடன். கர்ருஸ் என்பது பாரவண்டி. கார்பென்தும் என்பது ஒருவகைக் கூடார வண்டி. பெத்தோரித்தும் என்பது நான்கு உருளை பூண்டது. இதன் முதற்பகுதி நான்கு எனப் பொருள்படும். வடமொழிச் சதுர் என்பதற்கு இனமானது. பிற்பகுதி உருளையைக் குறிக்கும். நாம் திருவிழாவிற் காணும் இரதத்தின் பெயருக்கு அதுவும் உறவுடையது. கர்ருஸ் என்பதோ இலத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழக்கிற் புகுந்து, ஆங்கிலத்திற் கார் ஆகி, நம்மூர்ச் சந்திகளில் நிற்கும் வாடகைக் கார் வரை வந்துவிட்டது. வழி சமைப்பதில் உரோமர் ஆசிரியராயினும், வண்டி சமைப்பதிற் காலியரே அவர்க்கு ஆசிரியராயினர் என்க.

உரோமர் காலிய மண்ணில் வகுத்த முதற் பெருவழி சீசருக்கும் முற்பட்டது. கி.மு. 118ஆம் ஆண்டளவில் தொமித்தியஸ் அகேனோபார்பஸ் என்னும் அதிகாரி, இத்தாலியையும் ஸ்பானியாவையுந் தரைவழியால் இணைத்தற்பொருட்டு நாட்டின் தென்கரையோரமாக ஒரு வழியை அமைத்தான். தொமித்தியன் வழி என அவன் பெயராலேயே அது வழங்கிற்று. அல்ப்ஸ் மலையின் மொன்செனேவர்க் கணவாயினின்று இறங்கித் துராந்து ஆற்றின் பள்ளத்தாக்கைப் பற்றிச் சென்று, உரோன் நதியைக் கடந்து, நீம், நார்பொன் ஆகிய நகரங்களினூடே பிரெனீஸ் மலையை அடைவது அது. தொமித்தியஸின் பெயர் பொறித்த மைல்கல் ஒன்று 1949இல் திரேய் என்னும் ஊருக்கு அருகிற் கண்டெடுக்கப்பட்டது. காலிய நாட்டிற் கிடைத்த உரோம மைல்கற்களுள் இதனினும் பழையது இல்லை. அதில் உள்ள எண் இருபது. நார்பொன் நகருக்கு இருபது மைல் என்பது கருத்து. 1997இல் அந்நார்பொன் நகரசபை மண்டபத்தின் முன்றிலைத் தோண்டியபோது அவ்வழியின் கற்றளம் ஒரு துண்டு வெளிப்பட்டது. ஊரவர் இப்பொழுது அதன்மீது அமர்ந்து காற்று வாங்குவர்.

தெற்கே ஓடிய இவ்வழி காலிய நாட்டை ஒரு கரையாக மட்டுமே தொட்டது. நாடு முழுவதையும் வலையிட்டுப் பிணித்தவன் அக்கிரிப்பா. அகஸ்தஸ் சக்கரவர்த்தியின் உற்ற நண்பனும் பின்னர் மருமகனுமாகிய இவன் கி.மு. 39ஆம் ஆண்டளவிலும், பின்னர் கி.மு. 20ஆம் ஆண்டளவிலுமாக இருமுறை காலியாவை நிருவகித்தான். அவன் லுக்தூனத்திலிருந்து நான்கு பெருவழிகளை வகுத்தான் என்று கிரேக்க பூகோள ஆசிரியராகிய ஸ்திராபோ கூறுவர். ஒன்று செவென் மலைகளைக் கடந்து மேற்கே அக்கித்தானிய நாட்டுக்குச் சென்றது. ஒன்று வடகிழக்கே இரைன் நதிக்கு. ஒன்று வடமேற்கே பிரித்தானியாவை நோக்கிய கடற்கரைக்கு. மற்றொன்று தெற்கே நார்பொன் நாட்டுக்கும் மசீலியாக் கரைக்கும். படத்தை விரித்து இந்நான்கு கோடுகளையும் இழுத்துப் பார்க்கும் மாணவனுக்கு அவற்றின் நோக்கம் எளிதிற் புலனாகும். இரைன் கரையிற் காவல் நின்ற படைகளுக்கு உணவும் ஆளும் அனுப்ப ஒரு வழி. பிரித்தானியாவின்மேற் படையெடுக்க ஒரு வழி. எங்கே கலகம் எழுந்தாலும் நடுவிலிருந்து விரைந்து சென்று அடக்க எல்லா வழிகளும். கி.பி. 43இற் பிரித்தானியாவை வெல்லப் புறப்பட்ட கிளோதியஸ் சக்கரவர்த்தி மசீலியாவிற் கரையிறங்கி, வடகடலோரத்திலுள்ள கெசோரியாக்கம் வரை தரைவழியாகவே சென்றான். அவன் பிறந்த ஊரும் லுக்தூனமே.

இனி இவ்வழிகளின் அமைப்பைப் பற்றிச் சில கூறுவாம். உரோமர் வழி என்றவுடனே பெரிய கருங்கற் பாளங்கள் பரப்பிய தளமும், அதன் கீழ் ஒழுங்காக அடுக்கிய நான்கு படைகளும் நம் மனக்கண்முன் தோன்றும். பாடநூல்கள் பலவற்றிலும் அத்தகைய படம் உண்டு. அப்படத்தின் வரலாறு வேடிக்கையானது. 1622இல் நிக்கோலாஸ் பெர்சியே என்னும் பிரெஞ்சு அறிஞர் உரோமர் வழிகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். வித்துருவியஸ் என்னும் உரோம சிற்ப நூலார் வீட்டுத் தளம் இடுதற்குக் கூறிய விதிகளை அவர் எடுத்து வழிகளுக்கு ஏற்றிவிட்டார். அன்று முதல் நூலுக்கு நூல் அது தொடர்ந்து வந்தது. அகழ்ந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. நகரத்துக்குள்ளும் அதன் வாயில்களிலும் கற்பாளம் உண்டு. வெளியே பெரும்பாலும் பருக்கைக் கல்லும் மணலும் இறுக்கிய மேடே உண்டு. அடியிற் கனத்த கல், மேலே சிறு கல், நடு உயர்ந்து இருபுறமுஞ் சரிந்த முதுகு, ஓரங்களில் நீர் வடியும் வாய்க்கால். அவ்வவ்விடத்துக் கிடைத்த பொருளையே கொண்டு கட்டினர். சதுப்பு நிலத்தில் மரக்குற்றிகளைப் பரப்பினர். தேயுந்தோறும் மேலே மீண்டும் பருக்கை கொட்டினர். மாரியில் வெள்ளம் மேவும் றோட்டுகளைக் கண்ட நமக்கு, அந்த வாய்க்காலின் அருமையை ஒருவர் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

நேராகச் செல்லுதல் அவ்வழிகளின் மற்றொரு குணம். குரோமா என்பது அளவைகாரர் கையாண்ட கருவி. ஒரு கோலின் தலையிற் சிலுவைபோற் பொருத்திய இரு சட்டங்களும், அவற்றின் நான்கு நுனியிலுந் தொங்கும் நான்கு தூக்குநூல்களுமே அதன் உறுப்புகள். இத்துணை எளிய கருவியால் ஒரு குன்றின் உச்சியிலிருந்து மறு குன்றின் உச்சிக்கு நேர்கோடு பிடித்தனர். மலை குறுக்கிட்டால் வளையவும் அவர் அறிவர்.

வழியோரங்களிற் கல் நட்டுத் தூரம் பொறித்தனர். உரோமருடைய அளவு ஈரடி ஆயிரம் கொண்டது; ஏறக்குறைய 1,480 மீற்றர். ஆயிரம் என்பதற்கு இலத்தீனில் மில்லே. அதுவே ஆங்கிலத்தில் மைல் ஆகி, நம் பேச்சில் மைல்கல்லாய் நிற்கின்றது. ஆனாற் காலிய நாட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கந்தொட்டு, தென்பகுதி ஒழிந்த ஏனைய பகுதிகளின் மைல்கற்களில் லியூகா என்னும் அளவு பெருக வழங்கலாயிற்று. அது காலியருடைய சொந்த அளவு. ஒன்றரை மைலுக்குச் சமமானது. வென்றவர் தம் சக்கரவர்த்தியின் பட்டங்களை எல்லாம் வரிசையாகப் பொறித்த கல்லிலே, தோற்றவருடைய அளவாலே தூரத்தைக் குறிக்கின்றனர்! கி.பி. 333இற் போர்தோ நகரிலிருந்து எருசலேமுக்கு யாத்திரை போன கிறித்தவர் ஒருவர் தாம் தங்கிய இடங்களையும் இடைத்தூரங்களையும் எழுதிவைத்தார். அக்குறிப்பிலே துலூசு நகரம் வரை லியூகாக் கணக்கும், அதற்கப்பால் மைற் கணக்கும் காணப்படுகின்றன. வழியிற் செல்வோன் எந்த இடத்தில் எந்தக் கணக்குக்கு மாறவேண்டும் என்பது அக்காலத்து யாவர்க்குந் தெரிந்ததே போலும்.

அந்த யாத்திரிகர் குறித்த தங்கிடங்கள் அரசாங்கத் தபால் முறையைச் சார்ந்தவை. குதிரை மாற்றுதற்கு ஒரு நிலையம், இரவு தங்குதற்கு ஒரு நிலையம் என வழி நெடுகிலும் அவை இருந்தன. அரசாங்கச் சீட்டு உடையோரே அவ்வூர்திகளைப் பயன்படுத்தலாம். குதிரையும் எருதுங் கொடுத்தவர்களோ வழியோரத்துக் குடியானவர்கள். வழியைப் பழுது பார்க்கும் பாரமும் பெரும்பாலும் அவர்கள் தலைமேலேயே விழுந்தது. பெருவழியின் அருகே வாழ்தல் பேறும் ஆகும், பீடையும் ஆகும்.

வழிகளில் ஓடியன அரசன் ஆணைகள் மட்டுமல்ல. கி.பி. 69ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி மைன்சு நகரிலிருந்த சேனைகள் சக்கரவர்த்திக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தன. அச்செய்தியைக் கொண்டு ஒரு கொடி தாங்கி அன்றிரவே கொலோன் நகரை அடைந்து, உணவருந்திக்கொண்டிருந்த வித்தெல்லியஸிடம் அறிவித்தான் என்று தாசித்தஸ் எழுதியுள்ளார். இடைத்தூரம் நூறு மைலுக்கு மேல். அடக்குதற்கு வகுத்த வழி கிளர்ச்சிக்கும் அதே விரைவைக் கொடுத்தது.

வாணிகத்தையும் மறத்தலாகாது. தாண் ஆற்றங்கரையிலுள்ள லா கிறோபெசெங்கு என்னும் சிற்றூரிற் குயவர் செய்த செந்நிற மட்கலங்கள் உரோம இராச்சியத்தின் நாலா பக்கமுஞ் சென்றன. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பொம்பேயி நகரிலே, பிரிக்கப்படாத பெட்டி ஒன்றில் இக்கலங்கள் ஏறக்குறையத் தொண்ணூறு இருந்தன. மலைநாட்டிலிருந்து வண்டியேறிக் கடற்கரைக்கு வந்து கப்பலிற் சென்றவை அவை. உடைந்த தட்டுகளிற் குயவர் எழுதிய சூளைக் கணக்குகளும் அவ்வூரிற் கிடைத்துள்ளன. பெயர்களிற் சில இலத்தீன், சில காலியம். எண்ணுப் பெயர்கள் காலியம். சரக்கு உலகெங்கும் போயிற்று. கணக்கு இன்னும் தாய்மொழியிலேயே இருந்தது.

கல்லூரி மலரில் எழுதுகின்றேனாதலின், ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சற்று விரித்துக் கூற விரும்புகின்றேன். லுக்தூனத்திலிருந்து வடக்கே செல்லும் அக்கிரிப்பா வழிகளுள் ஒன்றில் அகஸ்தோதூனம் என்னும் நகரம் இருந்தது. இன்று அதன் பெயர் ஓத்தன். காலியக் குலத்தலைவர்களின் மைந்தர் அங்கே வந்து இலத்தீனும் நாவன்மையுங் கற்றனர். கி.பி. 21இற் கடன்சுமை பொறாது கலகஞ் செய்த சக்ரோவிர் என்னுந் தலைவன் முதலிற் கைப்பற்றியது இந்நகரத்தையே. அந்த மாணாக்கர் தன் கையில் இருந்தாற் பெற்றோரும் தன் பக்கஞ் சேர்வர் என்பது அவன் எண்ணம். கலகம் அடங்கிற்று, பள்ளிக்கூடம் நின்று நிலைத்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளின் பின், உள்நாட்டுப் போரில் நகரம் முற்றுகைக்கு உள்ளாகிப் பாழ்பட்டபோது அப்பள்ளியும் இடிந்தது. கி.பி. 298ஆம் ஆண்டளவில் எயுமேனியஸ் என்னும் ஆசிரியர் அதனை மீளக் கட்டுதற்காக மாகாண அதிபதியின் முன்னிலையில் ஒரு விண்ணப்ப உரை நிகழ்த்தினார். தமக்கு விதித்த ஆண்டுச் சம்பளம் 600,000 செஸ்தேர்ஸ் பணத்தையும் அக்கட்டட வேலைக்கே கொடுத்துவிட முன்வந்தார். பள்ளியின் தாழ்வாரத்திலே உலகப் படத்தை எழுதி, நாடுகளையும் ஆறுகளையும் மாணவர் நாள்தோறுங் கண்ணாற் கண்டு கற்கவேண்டும் என்பதும் அவ்வுரையில் வருகின்றது. ஆசிரியர் சம்பளம் எக்காலத்தும் போதியதன்று என்று வருந்தும் நம்போல்வார்க்கு எயுமேனியஸ் சற்று அச்சந் தருபவரே.

அதே நகரத்தார் கி.பி. 311இற் கொன்ஸ்தாந்தீன் சக்கரவர்த்திக்கு நன்றி கூறிய மற்றோர் உரையும் கிடைத்திருக்கின்றது. அதிற் பெருவழியின் நிலை பேசப்படுகின்றது. உழுவோர் இன்றி நிலங்கள் காடாயின. வரி கொடுக்க வகையில்லை. சேனைகள் செல்லும் வழியோ உடைந்து, மேடும் பள்ளமுமாகி, பாதி பாரம் ஏற்றிய வண்டியும் சில வேளை வெறும் வண்டியுங்கூட அரிதிற் கடக்கும் நிலையடைந்தது என்று அந்நாவலர் முறையிடுகின்றார். அக்கிரிப்பாவின் கை தளர்ந்தமையை அறிவிக்கும் சான்று இதனினும் வேறு வேண்டா.

பின்னர் நிகழ்ந்தவை பலருந் தெரிந்தவையாதலிற் சுருங்கக் கூறுவாம். கி.பி. 406ஆம் ஆண்டின் இறுதியில் வண்டாலரும் பிறரும் இரைன் நதியைக் கடந்து காலியாவுட் புகுந்தனர்; மூன்றாண்டுகளில் நாட்டை ஊடறுத்து ஸ்பானியாவை அடைந்தனர். அவர்க்கு வழி காட்ட எவருந் தேவைப்படவில்லை.

இவ்வழிகளாற் காலியர் பெற்றவை பலவென்பதை மறுத்தற்கில்லை. தம்முட் பொருது கிடந்த அறுபது குலத்தாரின் பிரதிநிதிகள் ஆண்டுதோறும் ஆகஸ்டு முதலாந் தேதி லுக்தூனத்திற் கூடினர். கி.பி. 48இற் காலியத் தலைவர்களை உரோம மூதவையிற் சேர்க்கவேண்டுமெனக் கிளோதியஸ் பேசிய பேச்சு வெண்கலத் தகட்டிற் பொறிக்கப்பட்டு அந்நகரில் வைக்கப்பட்டது. 1528இல் அத்தகடு மண்ணிலிருந்து கிடைத்தது. ஆனால் அதே வழிகளில் இலத்தீன் நடந்து வந்தது. சேனையோடு வந்தது, வணிகரோடு வந்தது, வரிகாரரோடும் ஆசிரியரோடும் வந்தது. முதலில் நகரத்தார், பின்னர் வழியோரத்தார், இறுதியில் மலைச்சாரலார் என மக்கள் ஒவ்வொருவராய்த் தம் மொழியை விட்டனர். கி.பி. 6ஆம் நூற்றாண்டளவிற் காலிய மொழி பெரும்பாலும் வழக்கொழிந்தது. இதனை எவருந் தடைசெய்து அழித்ததாகச் சான்றில்லை. காலியரின் குருமாராகிய துரூயிதர் தம் வித்தைகளை எழுத்தில் எழுதலாகாது என்ற கொள்கையினர் என்று சீசர் கூறுகின்றான். ஆதலால், மனப்பாடமாய் இருந்த பாடல்கள் பாடினோருடனேயே மாய்ந்தன. இன்று அம்மொழியில் எஞ்சியுள்ளவை கல்வெட்டுச் சில, 1897இற் கொலிஞி என்னும் ஊரிற் கிடைத்த வெண்கலப் பஞ்சாங்கம் ஒன்று, முன் கூறிய குயவர் கணக்கு முதலிய சிலவே. ஒரு காவியம் இல்லை; ஓர் இலக்கணம் இல்லை. வண்டிப் பெயர்களுக்கு இடங்கொடுத்த இலத்தீன், பாடல்களுக்கு இடங்கொடுக்கவில்லை.

வழிகள் மட்டும் பல உருவில் எஞ்சியுள்ளன. வடபிரான்சில் அவற்றைப் புரூனோ அரசியின் வழிகள் என்பர். 613இல் இறந்த அவ்வரசி அவற்றைப் போடுவித்தாள் என்பது கதை. நம் நாட்டுப் பெருங்குளங்களைப் பூதங்கள் கட்டின என்று முதியோர் கூறுவது போன்றது. தொமித்தியன் வழி விதூர்ல் ஆற்றைக் கடந்த அம்புருசம் பாலத்தில் ஆதியிற் பதினொரு வளைவுகள் இருந்தன. எஞ்சிய இரண்டனுள் ஒன்றை 1933ஆம் ஆண்டு வெள்ளங் கொண்டுபோக, இன்று ஒற்றை வளைவு ஆற்றின் நடுவே நிற்கின்றது. அவ்வழியிலேயே கலவோன் ஆற்றின்மேல் கி.மு. 3இற் கட்டிய யூலியன் பாலமோ சிதையாதது. 2005 வரை மோட்டார் வண்டிகள் அதன்மீது ஓடின. அருகே புதுப்பாலம் அமைந்த பின்னரே நடந்து செல்வோர்க்கும் சைக்கிளிற் செல்வோர்க்குமென அது விடப்பட்டது.

வியென் நகரிலிருந்து அல்ப்ஸ் மலையை நோக்கிச் சென்ற வழியிலே கற்கள் மறைந்தும் எண்கள் மறையவில்லை. செத்தெம், ஒயித்தியே, தியேமோ என்பன அவ்வழியிலுள்ள சிற்றூர்கள். ஏழாங் கல், எட்டாங் கல், பன்னிரண்டாங் கல் என்பவற்றின் இலத்தீன் பெயர்கள் தேய்ந்து நின்ற உருவங்கள் இவை. இவ்வூர்களுக்கிடையே வழி கேட்பவன் பிரெஞ்சு மொழியில் வழிக்குச் சொல்லும் சொல் செமன். ஸ்பானிய மொழியிற் கமினோ என்பதும் இத்தாலிய மொழியிற் கம்மினோ என்பதும் அதன் உடன்பிறப்புகள். உரோமர் தம் பெருவழியைக் குறித்த வியா என்னுஞ் சொல்லிலிருந்து இவை வந்தன அல்ல. இம்மூன்றும் காலிய மொழிச் சொல்லொன்றினின்று பிறந்தவை.